ஓடும் எஞ்சினில் டர்பைன் பிளேடின் வெப்பத்தை ஒளியால் அளப்பது: பெங்களூரு டெஸ்ட் ரிக் பொறியாளர்களுக்கு முழுமையான வழிகாட்டி

பெங்களூரில் எஞ்சின் வேலையில் இருக்கும் தமிழர்கள் ஏராளம். காவிரி எஞ்சினை உருவாக்கிய சி.வி.ராமன் நகர் ஜி.டி.ஆர்.இ (எரிவாயு டர்பைன் ஆய்வு நிறுவனம்), என்.ஏ.எல் (தேசிய வான்பயண ஆய்வகம்), எச்.ஏ.எல்லின் எஞ்சின் பிரிவு, இந்திய அறிவியல் கழகத்தின் எரிதல் ஆய்வுக்கூடங்கள், இவற்றுக்குப் பாகம் கடைந்து தரும் பீன்யா பட்டறைகள் என்று எங்கே போனாலும் தமிழ் காதில் விழும். ஆனால் டெஸ்ட் செல்லில் கைகொடுக்கும் அளவுக்கு விவரமான குறிப்பு தமிழில் கிடைப்பது அரிது. சுழலும் டர்பைன் பிளேடின் மேற்பரப்பு வெப்பநிலையை ஆப்டிகல் பைரோமீட்டரால் (சூடான பரப்பு உமிழும் ஒளியிலிருந்து வெப்பநிலையைக் கணிக்கும் கருவி) அளப்பதற்கான முழு வேலையையும் இங்கே வரிசையாகத் தருகிறோம். அதே துளை வழியாகக் கேமராவில் படம் எடுப்பதும் வாயு வெப்பநிலையை லேசரால் அளப்பதும் இறுதிப் பகுதியில் வரும்.

பிளேடில் தெர்மோகப்பிள் பதிக்கலாமே என்றால், சுழலும் பாகத்திலிருந்து சிக்னலை வெளியே கொண்டுவர ஸ்லிப் ரிங்கோ டெலிமெட்ரியோ வேண்டும். ஒயருக்காக வெட்டும் பள்ளமே பிளேடின் குளிரூட்டலை மாற்றிவிடும். அத்தனையும் செய்தாலும் பிளேடுக்கு ஓரிரு புள்ளிகள்தான் கிடைக்கும். பைரோமீட்டரோ எல்லாப் பிளேடுகளையும் ஒவ்வொரு சுற்றிலும் பார்க்கும்.

ஒரு கருத்தை முதலிலேயே அழுத்திச் சொல்லிவிடுகிறோம். இந்த வேலை கெடுவது பெரும்பாலும் டிடெக்டரால் அல்ல, ஒளி வெளியே வரும் வழியால். ஜன்னல், பர்ஜ் காற்று (ஜன்னலில் அழுக்குப் படியாமல் ஊதும் சுத்தக் காற்று), பார்வைக் குழாய், பொருத்தும் முறை ஆகிய நான்கும் சரியாக இருந்தால் சாதாரண போட்டோடயோடே போதும். இவை சரியில்லையென்றால் எவ்வளவு விலை உயர்ந்த கருவியும் அழுக்கின் வெப்பநிலையைத்தான் காட்டும்.

கணக்குகள் எல்லாவற்றுக்கும் ஒரே உதாரண ரிக்கை எடுத்துக்கொள்வோம். டர்பைன் முகப்பில் அழுத்தம் 5 பார் (வெற்றிடத்திலிருந்து அளந்த முழு அழுத்தம், வளிமண்டலத்துக்கு மேல் எவ்வளவு என்று காட்டும் கேஜ் அளவு அல்ல), காற்றோட்டம் நொடிக்கு 8 கிலோ, சுழற்சி நிமிடத்துக்கு 15,000, பிளேடுகள் 80, பார்க்கும் இடத்தின் ஆரம் 250 மிமீ, பிளேடு வெப்பநிலை 1200 கெல்வின் சுற்றுப்பக்கம்.

படி 1: அலைநீளத்தைத் தேர்ந்தெடுத்தல்

இங்கே அவசரப்பட வேண்டாம், பின்னால் வரும் எல்லாமே இதைச் சார்ந்தது. எரிவாயுவில் இருக்கும் நீராவி 0.94, 1.14, 1.38, 1.87 மைக்ரான் பட்டைகளில் ஒளியை விழுங்கவும் செய்யும், தானே உமிழவும் செய்யும். கார்பன் டை ஆக்சைடு 2 மைக்ரானுக்கு அருகிலும் 2.7, 4.3 மைக்ரானிலும் குறுக்கே வரும். எனவே சுத்தமாக இருக்கும் இடைவெளிகளில் இரண்டை எடுங்கள்: 1.00 முதல் 1.10 மைக்ரான் வரை ஒன்று, 1.55 முதல் 1.65 வரை மற்றொன்று. இரண்டையும் இண்டியம் காலியம் ஆர்செனைடு டயோடு பார்க்கும்.

எமிசிவிட்டி (மேற்பரப்பு எவ்வளவு நன்றாக ஒளி உமிழ்கிறது என்ற விகிதம்) தெரியாத குழப்பத்துக்குக் குட்டை அலைநீளம் நல்லது. எமிசிவிட்டியில் 10 சதவீதம் பிழை இருந்தால் 1200 கெல்வினில் 1.05 மைக்ரான் பைரோமீட்டர் சுமார் 10 கெல்வின் தவறும். 1.6 மைக்ரானில் அதே பிழை 16 கெல்வின் ஆகிவிடும். ஆனால் பிரதிபலிப்பு வந்தால் கதை மாறுகிறது. பிளேடின் எமிசிவிட்டி 0.85 என்றால் மீதி 0.15 பங்கு, சுற்றியிருக்கும் ஒளியைத் திருப்பி அனுப்பும். 2000 கெல்வின் தீச்சுடரின் ஒளியில் ஒரே ஒரு சதவீதம் பிளேடின் மேல் விழுந்தால் போதும், 1.05 மைக்ரானில் அளவு 16 கெல்வின் கூடிக் காட்டும், 1.6 மைக்ரானில் 6 கெல்வினுக்குள் நிற்கும். எதிரே நிற்கும் நாசில் வேன் (வாயுவைப் பிளேடின் மேல் திருப்பும் சுழலாத இறகு) 1400 கெல்வினில் இருந்து பிளேடின் பார்வையில் பாதியை அடைத்துக்கொண்டால் இரண்டு அலைநீளத்திலுமே பிழை 40 கெல்வினைத் தொடும். இதைத் திருத்தாமல் வெளியிடும் எண்ணுக்கு மதிப்பில்லை. வேனின் வெப்பநிலையைத் தனியாக அளந்து, ரிக்கின் வடிவத்திலிருந்து வியூ ஃபேக்டரைக் (பிளேடின் பார்வையில் வேன் அடைக்கும் பங்கை) கணக்கிட்டு, பிரதிபலித்த பங்கைக் கழித்த பிறகே பிளேடு வெப்பநிலையை எழுதுங்கள்.

“இரண்டு வண்ண விகிதம் எடுத்தால் எமிசிவிட்டியே வேண்டாமே” என்று விற்பனையாளர்கள் சொல்வார்கள். எமிசிவிட்டி இரண்டு அலைநீளத்திலும் துல்லியமாக ஒன்றாக இருந்தால்தான் அது உண்மை. விகிதத்தில் 10 சதவீத வேறுபாடு வந்தால் 1.05/1.6 ஜோடி 30 கெல்வின் தவறும். இரண்டு அலைநீளங்களும் நெருங்க நெருங்கப் பிழை இன்னும் பெருகும். எனவே எங்கள் பரிந்துரை: வெப்பநிலையை 1.05 மைக்ரான் ஒன்றிலிருந்தே எடுங்கள். 1.6 மைக்ரானைக் காவலாளியாக வையுங்கள். இரண்டும் காட்டும் வெப்பநிலை மெல்ல மெல்லப் பிரிந்தால் ஜன்னலில் கரி படிகிறது. திடீரென்று பிரிந்தால் தீச்சுடரோ கரித்துகளோ பார்வையில் நுழைகிறது.

ஒரு விதிவிலக்கு உண்டு. பிளேடின் மேல் சிர்கோனியா வெப்பத்தடைப் பூச்சு இருந்தால் மேலே சொன்னது செல்லாது. அந்தப் பூச்சு அருகு அகச்சிவப்பில் அரை ஒளிபுகும் பொருள், எமிசிவிட்டி குறைவு, உள்ளிருந்து வரும் ஒளியும் கலக்கும். அங்கே மேற்பரப்பை அளக்க 10 மைக்ரானை ஒட்டிய நீண்ட அலைதான் வேண்டும். அதற்குச் சிலிக்கா, சஃபயர் இரண்டுமே ஒளிபுகாது. ஜன்னல், லென்ஸ், டிடெக்டர் எல்லாம் வேறு. இந்த வழிகாட்டி பூச்சில்லாத, ஆக்சைடு படிந்த நிக்கல் உலோகக்கலவைப் பிளேடுகளுக்கானது.

படி 2: லென்ஸும் ஃபைபரும்

பிளேடின் மேல் 2 மிமீ புள்ளியைப் பார்ப்பது நடைமுறைக்கு ஏற்றது. ஃபைபரின் கோர் 400 மைக்ரான் என்றால் ஐந்து மடங்கு உருப்பெருக்கம் வேண்டும். லென்ஸிலிருந்து பிளேடு 100 மிமீ, லென்ஸிலிருந்து ஃபைபர் முனை 20 மிமீ என்று வைத்தால் குவியத்தூரம் 16.7 மிமீ வரும். லென்ஸின் திறப்பு 8 மிமீ. ஃபைபரின் என்.ஏ (ஒளியை ஏற்கும் கோணத்தின் அளவு) 0.22 என்றால் 20 மிமீ தூரத்தில் அது ஏற்கும் கூம்பு 9 மிமீ அகலம். லென்ஸ் முழுதும் பயன்படும்.

சஃபயர் லென்ஸ் வாங்கும்போது படிக அச்சு ஒளி அச்சோடு ஒத்திருக்க வேண்டும் என்று ஆர்டரிலேயே எழுதுங்கள். இல்லையென்றால் இரட்டை விலகலால் புள்ளி இரண்டாகப் பிரியும். பொருத்தும்போது ஃபைபரின் மறுமுனையிலிருந்து 650 நானோமீட்டர் சிவப்பு லேசரை அனுப்பிப் பிளேடில் புள்ளி விழும் இடத்தைப் பார்ப்பது வழக்கம். நல்ல முறைதான். ஆனால் சஃபயரின் ஒளிவிலகல் எண் அகச்சிவப்பில் குறைவதால், சிவப்பில் 100 மிமீயில் குவிந்தது 1.05 மைக்ரானில் சுமார் 9 மிமீ தள்ளிக் குவியும். அந்த விலகலை ஈடுகட்டும்படி ஃபைபர் முனையைச் சற்றே நகர்த்திய பிறகே பூட்டுங்கள்.

ஃபைபர் விஷயத்தில் பூச்சுதான் கவனிக்க வேண்டியது. சாதாரண அக்ரிலேட் பூச்சு 85 டிகிரி செல்சியஸோடு சரி. பாலிஇமைடு 300 டிகிரி, தங்கப் பூச்சு 700 டிகிரி வரை தாங்கும். எஞ்சின் பக்கத்து முதல் 2 மீட்டரைத் தங்கப் பூச்சு ஃபைபராகவும், அதன்பின் பாலிஇமைடாகவும் வையுங்கள். எஸ்.எம்.ஏ கனெக்டரில் சாதாரண எப்பாக்சி இருந்தால் சூட்டில் இளகி ஃபைபர் உள்ளே பின்வாங்கும். சிக்னல் காரணமில்லாமல் குறைந்துகொண்டே போகும். சூடான முனைக்கு எப்பாக்சி இல்லாமல் அழுத்திப் பிடிக்கும் வகையே சரி. ஃபைபரை ஸ்டீல் நெளிகுழாயில் விட்டு 150 மிமீக்கு ஒரு கிளாம்ப் போடுங்கள். ஆடும் ஃபைபர், அதிர்வை அப்படியே சிக்னலில் ஏற்றிவிடும். சுழற்சியின் மடங்குகளில் வரும் அந்த அலையைப் பிளேடு வேறுபாடு என்று எடுத்துக்கொள்வது எளிதில் நடக்கும் தவறு.

படி 3: ஜன்னல்

ஜன்னலின் தடிமனை எரியறையின் அழுத்தத்துக்குக் கணக்கிடுவது பொதுவாக நடக்கும் பிழை. பார்வைக் குழாயின் வாய் அடைத்துக்கொண்டால் பர்ஜ் காற்றின் முழு அழுத்தமும் கண்ணாடியின் மேல் நிற்கும். எனவே பர்ஜ் அழுத்தத்துக்கே கணக்கிடுங்கள். இங்கே அது 10 பார், அதாவது 1 மெகாபாஸ்கல்.

விளிம்பில் தளர்வாகத் தாங்கிய வட்ட ஜன்னலுக்குத் தடிமன் காண, 1.125-ஐப் பாதுகாப்புக் காரணியாலும் அழுத்தத்தாலும் பெருக்கி, பொருளின் வலிமையால் வகுத்து, வர்க்கமூலம் எடுத்து, தாங்கப்படாத விட்டத்தின் பாதியால் பெருக்க வேண்டும். 20 மிமீ விட்டம், பாதுகாப்புக் காரணி 4 என்று போட்டால் ஃப்யூஸ்டு சிலிக்காவுக்கு (50 மெகாபாஸ்கல்) 3 மிமீ, சஃபயருக்கு (300 மெகாபாஸ்கல்) 1.2 மிமீ வரும். கீறலும் வெப்பத் தகைவும் வலிமையைத் தின்னும் என்பதால் சிலிக்காவில் 6 மிமீ, சஃபயரில் 3 மிமீ போடுங்கள்.

இரண்டில் எது? ஜன்னல் பின்வாங்கிய இடத்தில், நீர்க் குளிரூட்டலோடு இருந்தால் சிலிக்கா போதும். அதன் வெப்ப விரிவு சஃபயரில் பத்தில் ஒரு பங்குதான். எஞ்சின் திடீரென்று அணையும்போது வரும் குளிர் அதிர்ச்சியில் விரிசல் விடாது. வாயுவை ஒட்டிய இடத்தில் நேராக நிற்க வேண்டுமென்றால் சஃபயர். எதுவானாலும் வெறுங்கையால் தொடாதீர்கள். விரல் ரேகையின் உப்பு, சூடேறிய சிலிக்காவின் மேற்பரப்பைப் படிகமாக்கி நிரந்தர வெண்திட்டாக்கிவிடும். கையுறை போட்டு, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த லென்ஸ் தாளால் ஒரே திசையில் துடைத்து, உடனே மாட்டுங்கள்.

கேஸ்கெட்டுக்கு நெகிழ்கிராஃபைட் நல்லது. ஆனால் காற்றில் 450 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் அது எரிந்து கரையத் தொடங்கும். ஃபிளேஞ்சில் ஒரு தெர்மோகப்பிள் வைத்து 400 டிகிரிக்குள் நிறுத்துங்கள். ஸ்டீல் போல்ட் சஃபயரைவிட இரண்டு மூன்று மடங்கும், சிலிக்காவைவிட இன்னும் பல மடங்கும் விரியும். குளிரில் சரியாக இறுக்கியது சூட்டில் தளர்ந்து கசியும். போல்டுக்கு அடியில் பெல்வில் வாஷர் (ஸ்பிரிங் போல் அழுந்தி விரியும் கிண்ண வடிவ வாஷர்) அடுக்கிப் போடுவது இதற்காகத்தான். போல்ட்டை இன்னும் இறுக்கிச் சரிசெய்யப் பார்த்தால் கண்ணாடி உடையும்.

படி 4: பர்ஜ் காற்று

கையில் நேரம் குறைவாக இருந்தால் மற்றவற்றைச் சுருக்குங்கள், இதைச் சுருக்காதீர்கள்.

பர்ஜின் வேலை, ஜன்னலுக்கும் எரிவாயுவுக்கும் நடுவே சுத்தமான காற்றை இடைவிடாமல் முன்னோக்கித் தள்ளிக்கொண்டே இருப்பது. எரியறை அழுத்தம் துடித்தாலும், கம்ப்ரஸர் சர்ஜ் ஆனாலும், ஓட்டம் ஒரு கணம்கூடப் பின்திரும்பக் கூடாது. அதற்கு வழி சோக் ஆன ஓரிஃபிஸ் (சிறு துளை). மேல் அழுத்தம் கீழ் அழுத்தத்தைப் போல் 1.9 மடங்குக்குக் குறையாமல் இருந்தால், ஓரிஃபிஸ் வழியே போகும் காற்று ஒலி வேகத்தில் பூட்டிக்கொள்ளும். கீழே நடக்கும் துடிப்பு மேலே தெரியாது. எரியறை 5 பார் என்றால் பர்ஜ் 9.5 பாராவது இருக்க வேண்டும். 10 பார் வையுங்கள். இரண்டும் முழு அழுத்தம் என்பதை மறக்க வேண்டாம். பெங்களூரு கடல்மட்டத்திலிருந்து சுமார் 920 மீட்டர் உயரம். இங்கே வளிமண்டலம் 0.91 பார்தான். கேஜில் 1.01 கூட்டும் பழக்கம் இங்கே தவறு.

1.5 மிமீ ஓரிஃபிஸ், 10 பார், 300 கெல்வின் காற்று, ஓட்டக்கெழு 0.8 என்றால் நொடிக்கு 3.3 கிராம் போகும். முக்கிய ஓட்டத்தில் இது 0.04 சதவீதம், வேனின் குளிர்படலத்தைக் கெடுக்காது. 12 மிமீ உள்விட்டப் பார்வைக் குழாயில் இந்தக் காற்று நொடிக்கு 5 மீட்டர் வேகத்தில் நகரும். குழாயின் வாயை 6 மிமீயாகக் குறுக்கினால் அங்கே 20 மீட்டர் ஆகும். கரி உள்ளே ஏற முடியாது. ஒளிக்கூம்பு லென்ஸில் 8 மிமீ, பிளேடில் 2 மிமீ. வாய் லென்ஸிலிருந்து 60 மிமீ தூரத்தில் இருந்தால் அங்கே கூம்பு 4.4 மிமீ. 6 மிமீ வாயில் சுற்றிலும் 0.8 மிமீ இடம் மிச்சம். அச்சு விலகினால் வாயின் விளிம்பு ஒளியை வெட்டும்; சிக்னல் குறைந்து, பிளேடு குளிர்ந்தது போலத் தோன்றும்.

காற்று குழாய்க்குள் நுழையும் விதமும் முக்கியம். பக்கவாட்டில் ஒரே துளை வழியாக விட்டால் சுழல் உண்டாகி, சுழலின் நடுவே கரி ஜன்னல் வரை இழுக்கப்படும். ஜன்னலைச் சுற்றி 6 அல்லது 8 சிறு துளைகள் சமச்சீராக வைத்து, ஓட்டம் நேராகும் வரை குழாயைக் குறைந்தது ஐந்து விட்ட நீளம் விடுங்கள். அந்தத் துளைகளின் மொத்தப் பரப்பு ஓரிஃபிஸை விடப் பல மடங்கு இருக்க வேண்டும். சோக் ஆவது ஓரிஃபிஸில் மட்டுமே நடக்கட்டும்.

பட்டறைக் கம்ப்ரஸர் காற்றில் எண்ணெய்ப் புகை இருக்கும். 0.01 மைக்ரான் கோலெசிங் ஃபில்டர், அதன்பின் பனிநிலையை மைனஸ் 40 டிகிரிக்கு இறக்கும் டிரையர், கடைசியில் ஆக்டிவேட்டட் கார்பன் என்று மூன்றும் வேண்டும். ஜூன் முதல் செப்டம்பர் வரை இங்குள்ள ஈரக்காற்றில் டிரையர் களைத்துப்போனால் தண்ணீர் ஜன்னலில் பட்டுத் திட்டுத்திட்டாகக் காயும்.

வரிசை இதுதான்: முதலில் பர்ஜ், பிறகு கிராங்க், பிறகு இக்னிஷன். ஜன்னல் அதிகம் அழுக்காவது முழு வேகத்தில் அல்ல. ஸ்டார்ட்டின்போது எரியாத எரிபொருளும், சீல் இன்னும் பிடிக்காத பேரிங்கின் எண்ணெயும் சேர்ந்து வரும் அந்தச் சில நொடிகளில்தான். அணைத்த பிறகும் கேசிங் ஆறும் வரை பர்ஜை நிறுத்தாதீர்கள். பர்ஜ் அழுத்தம் குறைந்தால் ஸ்டார்ட்டைத் தடுக்கும் இன்டர்லாக் கட்டாயம். மின்தடை வந்தாலும் பர்ஜ் ஓடும்படி ஒரு காற்றுத்தொட்டியை லைனில் சேர்த்துவிடுங்கள்.

படி 5: புரோபும் குளிரூட்டலும்

லென்ஸும் ஜன்னலும் பார்வைக் குழாயும் அடங்கிய புரோபின் உடலை இன்கோனல் 625 நிக்கல் உலோகக்கலவையில் கடையுங்கள். உள்ளே நீர் உறை வைத்து நிமிடத்துக்கு 5 லிட்டர் ஓட்டினால், 5 கிலோவாட் வெப்பம் ஏறினாலும் நீர் 14 டிகிரிதான் சூடாகும். போர்வெல் நீரை நேராக விடாதீர்கள். பெங்களூரு போர்வெல் நீரின் கடினத்தன்மை மெல்லிய உறைக்குள் உப்பைப் படியவைத்து, ஓட்டம் குறைவது தெரியாமலேயே புரோபைச் சுட்டுவிடும். டி.எம் (தாது நீக்கிய) நீரோடு மூடிய சுற்று, வெளியே ஒரு ஹீட் எக்ஸ்சேஞ்சர், ஓட்டமானி, நீர் நின்றால் எஞ்சினை ஐடிலுக்கு இறக்கும் அலாரம், இவ்வளவும் வேண்டும்.

கேசிங் விரிவதையும் கணக்கில் எடுங்கள். 250 மிமீ ஆரத்தில் 500 டிகிரி உயர்ந்தால் நிக்கல் உலோகக்கலவை 1.6 முதல் 1.8 மிமீ வரை விரியும். ரோட்டர் வேறு அளவில் விரியும். குளிரில் பிளேடின் நடுவில் வைத்த புள்ளி, சூட்டில் நடுவிலேயே இருக்கும் என்று எண்ண வேண்டாம். இரண்டு விரிவுகளின் வித்தியாசத்தைக் கணக்கிட்டுக் குறியை முன்கூட்டியே நகர்த்துங்கள்.

படி 6: எலெக்ட்ரானிக்ஸ்

இந்த ஒளியியலில் 1200 கெல்வின் பிளேடு 1.05 மைக்ரான் டயோடில் சுமார் அரை மைக்ரோஆம்பியர் தரும். 900 கெல்வினில் அது 11 நானோஆம்பியராகச் சுருங்கும். 900-லிருந்து 1400 கெல்வினுக்குள் சிக்னல் 230 மடங்கு மாறுகிறது. 12 பிட் ஏ.டி.சி (சிக்னலை எண்ணாக மாற்றும் சிப்) வைத்தால் அடிமட்டத்தில் 18 படிகள்தான் மிஞ்சும். 16 பிட் வையுங்கள். குறைந்த வெப்பத்தில் 1.6 மைக்ரான் சேனல் கைகொடுக்கும்: 900 கெல்வினில் அங்கே வரும் கதிர்வீச்சு 1.05-ஐவிட 23 மடங்கு.

வேகக் கணக்கு: நொடிக்கு 250 சுற்று, 80 பிளேடு, ஒரு பிளேடு கடக்க 50 மைக்ரோவினாடி. பிளேடுக்கு 50 புள்ளி வேண்டுமென்றால் மைக்ரோவினாடிக்கு ஒன்று. பிளேடு நொடிக்கு 390 மீட்டர் வேகத்தில் ஓடுவதால் அந்த ஒரு மைக்ரோவினாடியில் 0.39 மிமீ நகரும். ஆம்ப்ளிஃபயர் பட்டை அகலம் 1 மெகாஹெர்ட்ஸ், சாம்ப்ளிங் நொடிக்கு 50 லட்சம். இரண்டு சேனலுக்கு நொடிக்கு 20 மெகாபைட், பத்து நிமிட ஓட்டத்துக்கு 12 ஜிகாபைட். டிஸ்க் அதற்குத் தக்கதாக இருக்கட்டும். சுற்றுக்கு ஒரு பல்ஸ் தரும் கீஃபேசர் சிக்னலையும் அதே கார்டில், அதே கடிகாரத்தில் பதியுங்கள். அது இல்லாமல் எந்தப் பிளேடு எது என்று சொல்ல முடியாது.

படி 7: அளவீட்டுத் திருத்தம்

ஜன்னல், லென்ஸ், ஃபைபர், கனெக்டர், ஆம்ப்ளிஃபயர் அனைத்தும் எஞ்சினில் மாட்டப்போகும் அதே நிலையில் பிளாக்பாடி உலைக்கு (எமிசிவிட்டி 1-ஐ ஒட்டிய குறிப்பு உலை) முன் 100 மிமீயில் நிற்கட்டும். உலைக்கு என்.ஏ.பி.எல் (ஆய்வகங்களை அங்கீகரிக்கும் தேசிய வாரியம்) அங்கீகாரச் சான்றிதழ் இருக்க வேண்டும். அதன் சங்கிலி தில்லி தேசிய இயற்பியல் ஆய்வகம் வரை போக வேண்டும். வெள்ளி உறையும் 961.78 டிகிரியும் செம்பு உறையும் 1084.62 டிகிரியும் இந்த வேலையின் எல்லைக்குள் வரும் நிலைப்புள்ளிகள்.

900 கெல்வினிலிருந்து 1400 வரை 50 கெல்வினுக்கு ஒரு புள்ளி எடுத்து, சிக்னலின் இயல் மடக்கையை வெப்பநிலையின் தலைகீழுக்கு எதிராக வரையுங்கள். நேர்க்கோடு வர வேண்டும், 1.05 மைக்ரானுக்குச் சாய்வு மைனஸ் 13,700 கெல்வினை ஒட்டி இருக்க வேண்டும். இந்த ஒரு கோடு பல நோய்களைக் காட்டிக்கொடுக்கும். குறைந்த வெப்பத்தில் கோடு தட்டையானால் இருட்டு மின்னோட்டத்தைக் கழிக்கவில்லை. மேலே தட்டையானால் ஆம்ப்ளிஃபயர் நிறைந்துவிட்டது. கோடு நேராக இருந்தும் சாய்வு குறைந்தால் ஃபில்டர் வழியே நீண்ட அலை கசிகிறது.

கடைசியாக ஒரு சிறு டங்ஸ்டன் விளக்கை அதே அமைப்பில் பார்த்து, வரும் மில்லிவோல்ட்டைக் குறித்துவையுங்கள். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் முன்னும் பின்னும் அதே விளக்கை, அதே கரண்டில் பாருங்கள். ஜன்னல் ஒளியில் 30 சதவீதம் இழந்தால் 1200 கெல்வின் பிளேடு 36 கெல்வின் குறைவாகத் தெரியும். விளக்குச் சோதனை 5 சதவீதத்துக்கு மேல் விலகினால் அந்த ஓட்டத்தின் தரவை அப்படியே வெளியிடாதீர்கள்.

படி 8: தரவைப் படித்தல்

மூல சிக்னலில் ஆங்காங்கே ஊசி போல் உயரும் முனைகள் இருக்கும். அவை பிளேடு அல்ல, பார்வையைக் கடக்கும் சூடான கரித்துகள்கள். முடுக்கும்போது எரிபொருள் மிகுந்து இவை கூட்டமாக வரும். சராசரி எடுத்தால் அந்த வெப்பம் பிளேடின் கணக்கில் ஏறும். 100 சுற்றுகளை (0.4 நொடி) கோணவாரியாக அடுக்கி, ஒவ்வொரு கோணத்துக்கும் இடைநிலையை (மீடியன்) எடுங்கள். கரி மிகுந்த ஓட்டத்தில் இடைநிலையும் ஏமாற்றும்; அப்போது கீழிருந்து 20 சதவீத மதிப்பை எடுங்கள்.

பிறகு கிடைக்கும் வடிவம் படிக்கத் தெளிவாக இருக்கும்: முன்விளிம்பில் உயர்வு, குளிர்காற்றுத் துளை வரும் இடத்தில் பள்ளம், பிளேடுகளுக்கு நடுவே சட்டென்று மாற்றம். 80 பிளேடுகளில் ஒன்று மட்டும் 30 கெல்வின் உயர்ந்து, பள்ளமும் காணாமல் போயிருந்தால் அதன் குளிர்த்துளை அடைந்திருக்க வாய்ப்பு அதிகம். எல்லாப் பிளேடும் ஒரே அளவு கூடியிருந்தால் முதலில் எரியறையையும் பிரதிபலிப்பையும் சந்தேகியுங்கள். சந்தேகப் பிளேடை போரோஸ்கோப்பில் பார்க்கும்முன் எஞ்சினை ஆறவிடுங்கள். வீடியோ புரோபின் முனை பொதுவாக 100 டிகிரியைத் தாங்காது.

அதே துளையில் கேமராவும் லேசரும்

சுடர் பார்க்க 308 நானோமீட்டரில் ஒளிரும் ஓ.எச் துணுக்குகளைப் படமெடுப்பது நல்ல வழி. அந்த அலைநீளத்தில் சூடான சுவரின் ஒளி அறவே இல்லை. இன்டென்சிஃபைடு கேமராவும் 10 நானோமீட்டர் பட்டை ஃபில்டரும் வேண்டும். சாதாரண ஆப்டிகல் கண்ணாடி லென்ஸ் இந்தப் புறஊதாவை அடைத்துவிடும். குவார்ட்ஸ் லென்ஸ் கேளுங்கள். செந்தணலாய் இருக்கும் லைனரின் விரிசலைப் பார்க்க வேண்டுமென்றால் 450 நானோமீட்டர் நீல ஒளியை நீங்களே பாய்ச்சி, அதே நிறத்தில் குறுகிய ஃபில்டர் போடுங்கள். 1300 கெல்வின் சுவரின் சொந்த ஒளி, 650-ஐவிட 450-இல் 300 மடங்கு குறைவு.

வாயுவின் வெப்பநிலைக்கு 1.4 மைக்ரான் பக்கத்து நீராவிக் கோடுகள் இரண்டின் உறிஞ்சல் விகிதத்தை லேசர் டயோடால் எடுக்கலாம், 1391.7 நானோமீட்டர் கோடு பலரும் பயன்படுத்துவது. இங்கே இரண்டு பொறிகள். இணையான முகங்கள் கொண்ட 5 மிமீ சஃபயர் ஜன்னல் தனக்குள்ளேயே குறுக்கீட்டு அலைகளை உண்டாக்கும். உயர் அழுத்தத்தில் அகன்ற நீராவிக் கோட்டோடு அவை கலந்துவிடும். குறைந்தது அரை டிகிரி ஆப்பு ஜன்னல் போடுங்கள். லேசருக்கும் ஜன்னலுக்கும் நடுவே இருக்கும் அறைக்காற்றிலும் ஈரம் உண்டு. அந்தப் பாதையை உலர் நைட்ரஜனால் நிரப்புங்கள். செல்லுக்குள் நைட்ரஜன் கசிந்தால் மூச்சு முட்டும். ஆக்சிஜன் மானி இல்லாமல் உள்ளே போகாதீர்கள்.

எண்ணோடு எழுத வேண்டியது

அறிக்கையில் வெப்பநிலையை மட்டும் எழுதாதீர்கள். அளவீட்டுத் திருத்தம் 4 கெல்வின், எமிசிவிட்டி 10, பிரதிபலிப்பைத் திருத்திய பின் மிஞ்சுவது 12, ஜன்னலின் 5 சதவீத மாற்றத்துக்கு 5. இவற்றை வர்க்கக் கூட்டலில் சேர்த்தால் 17 கெல்வின். இரண்டு மடங்கு எடுத்து, 1200 ± 35 கெல்வின் என்று எழுதுங்கள். அருகிலேயே அலைநீளம், எடுத்துக்கொண்ட எமிசிவிட்டி, வேனின் வெப்பநிலை, ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் விளக்கு காட்டிய மில்லிவோல்ட் ஆகியவற்றையும் சேருங்கள். அடுத்த ஆண்டு வேறொருவர் அதே ரிக்கில் புரோபை மாட்டும்போது முதலில் தேடப்போவது அந்த மில்லிவோல்ட்டைத்தான்.